சிவப்புப் பொட்டு வைத்த பீங்கான் கட்டை

கிள்ளானில் மின்வேலைக் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்தாம். இப்போது அவர்களே முதலாளிகள். மூத்தவன் கையில் ஒரு தகரப் பெட்டி. வீட்டுக்கு வருகிற இரண்டு கம்பியை அதன் ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் மூன்று கம்பி மின்சாரம் வருமாம். தொழிற்சாலை மோட்டாரை வீட்டுக் கொட்டாயிலேயே ஓட்டலாமாம். சுவரில் மாட்டிப் பித்தானை அழுத்தினால் போதுமாம்.

"அங்கிள், அந்தக் காலத்துல இந்தப் பொட்டியெல்லாம் ஏது? நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு எங்க சங்க மலருக்கு எழுதிக் குடுங்க லா," என்றான்.

"எழுதறேன். ஆனா வீரக்கதையா இருக்கும்னு நெனைச்சிராத. எல்லாம் பயந்த கதை," என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பத்தோரு வருஷம் கரண்டில் கை வைத்துவிட்டு இன்றைக்குப் பத்து விரலோடு பென்ஷன் வாங்குகிறேன் என்றால் அதற்கு என் பயம் ஒன்றுதான் காரணம். அந்தப் பயம் ஒரு தடவை போதாமல் போயிற்று. இன்னொரு தடவை அளவுக்கு மீறிப் போயிற்று. அந்த இரண்டையும்தான் எழுதப் போகிறேன்.

ரயில்வே பட்டறையில் சேரும்போது எனக்குப் பதினேழு வயது. முதல் வருஷம் தரை கூட்டினேன், இரண்டாம் வருஷம் கேபிள் தூக்கினேன், மூன்றாம் வருஷம் திருப்புளியைக் கையில் கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கள் சார்ஜ்மேன் கனகசபை ஐயாவைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரில் கால்சட்டை, வாயில் அணைந்த சுருட்டு. மின்பலகை முன்னால் நின்றால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வலது கை மட்டும்தான் வேலை செய்யும். பியூஸ் இருக்கிறதே, அந்தக் காலத்தில் பீங்கானில் கைக்கடக்கமான ஒரு கட்டை. பலகையில் உள்ள குழியில் அதை அழுத்திச் செருகி வைப்போம். ஐயா வேலையைத் தொடங்கும் முன் இரண்டு கட்டையையும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு சோதனை விளக்கை எடுப்பார். கம்பிக்கும் கம்பிக்கும் ஒரு தரம் வைத்துப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். ஒரு முனையை மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர்க் குழாயில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்ப்பார். "மண்ணுக்கும் பாரும். மண்ணுக்குப் பார்க்காதவன் மண்ணுக்குத்தான் போவான்," என்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதையும் சிரிக்காமல்தான் சொல்வார்.

அவர் ஒருபோதும் கத்தியதும் இல்லை. ஒரு தடவை பெரிய பலகைக்குப் பின்னால் குனிந்து, அணைத்தாயிற்று என்று நினைத்து நான் ஒரு செம்புப் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டையில் கரண்டு இருந்தது. என் முழங்கைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி. ஐயா பார்த்துவிட்டார். பின்னால் வந்து நின்று, நாள் நட்சத்திரம் கேட்கிற குரலில், "தம்பி, இந்தச் சுருட்டை ஒருக்காப் பிடியும்," என்றார். பெரியவர் கேட்கிறாரே என்று கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து வாங்கினேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டையைக் காட்டினார். "கத்தினால் நீர் துள்ளியிருப்பீர். துள்ளினால் போச்சு," என்றார். சுருட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு வியாபாரம் படுத்த மந்தக் காலம் வந்தது. பட்டறையில் ஆளைக் குறைத்தார்கள். வேலை போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவில் இருக்கும் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி வேலை போனவர்களில் ஒருவர் லேத்து வேலைக்காரர் மாணிக்கம். கூடப் பிறக்காத அண்ணன் எனக்கு. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் லயன் வீட்டிலிருந்து ரயில் கேட்டைத் தாண்டினால் அவர் வீடு. ஊரில் அவருக்கு ஒரு பிடி மண் கிடையாது. அவர் மனைவி பொன்னம்மாக்கா பிறந்ததே காப்பார் தோட்டத்தில். கப்பலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. "ஊருக்குப் போயி யாரு வீட்டு வாசல்ல நிக்கிறது?" என்று அழுவார்.

செமினிப் பக்கம் ஓர் ஈயலம்பத்தை, அதாவது ஈயச் சுரங்கத்தை, மூடியபோது மாணிக்கண்ணன் அங்கிருந்து ஒரு பழைய லேத்தையும் பெரிதும் சின்னதுமாய் இரண்டு மோட்டாரையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கொட்டாய் போட்டு, ஓடுகிற லம்பங்களுக்குப் பம்பு புஷ் வளையம் கடைந்து கொடுத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆனால் மோட்டார்கள் மூன்று கம்பி மோட்டார்கள். வீட்டுக்கு வருவதோ இரண்டு கம்பி.

"என்னா லா முழிக்கிற? உன்னால முடியும். நீ செஞ்சு குடுத்தா நான் இங்க இருப்பேன். இல்லாட்டி அடுத்த கப்பல்," என்றார்.

அரசாங்க வேலையில் இருப்பவன் வெளியே கம்பி வேலை செய்யக் கூடாது. தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்; எனக்கும் கப்பல்தான். அந்தப் பயம் ஒரு பக்கம். பொன்னம்மாக்காவின் அழுகை இன்னொரு பக்கம். சரி என்றேன்.

செய்முறையைச் சொல்கிறேன், பிள்ளைகள் கேட்டதே அதைத்தான். மூன்று கம்பி மோட்டாருக்கு இரண்டு கம்பியில் மட்டும் கரண்டு கொடுத்தால் அது கிளம்பாது. உறுமிக்கொண்டு நிற்கும், விட்டால் சுருள் கருகிப் புகை வரும். ஆனால் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு, சுழலும்போதே கரண்டு கொடுத்தால் பிடித்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடும்போது அதன் மூன்றாவது முனையில் தானாகவே கரண்டு பிறக்கும். இப்போது இரண்டு கம்பி வீட்டிலிருந்து, ஒரு கம்பி மோட்டாரிலிருந்து, ஆக மூன்று. அதை லேத்து மோட்டாருக்குக் கொடுக்கலாம். பெரிய மோட்டார் வேறு எந்த வேலையும் செய்யாது. சும்மா சுற்றிக்கொண்டு சின்ன மோட்டாருக்குத் துணைக்கு நிற்கும்.

லம்பத்து மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிட வலுவானது. அதற்காகக் கட்டிய மோட்டாரை வீட்டுக்கு மாற்ற, உள்ளே மூன்று சுருளின் வால்களும் ஒன்றாக முறுக்கிக் கட்டியிருக்கும் முடிச்சை அவிழ்க்க வேண்டும். வார்னிஷில் ஊறிக் கல்லாகிப் போன முடிச்சு. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதைச் சுரண்டினேன். ஆறு முனையையும் வெளியே எடுத்து, எது தலை எது வால் என்று பேட்டரியும் முள் மீட்டரும் வைத்துக் கண்டுபிடித்தேன். ஒரு சுருளில் பேட்டரியைத் தட்டினால் அடுத்த சுருளில் முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றைத் தலைகீழாக மாட்டினாலும் மோட்டார் போச்சு. ஆறு முனையிலும் நூல் கட்டி, மூன்று தரம் பார்த்தேன். பிறகு ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு சேர்த்து வட்டமாகக் கட்டினேன். சின்ன மோட்டாருக்கும் இதே பாடு.

சுவரில் ஒரு பலகை அடித்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பியூஸ் கட்டை, அதற்குக் கீழே ஒரு கத்தி சுவிட்ச். இரண்டு செம்புக் கத்திகள் வாய்க்குள் விழுந்து கரண்டைக் கொடுக்கும் சுவிட்ச் அது. முதல் நாள் ஓட்டும்போது மாணிக்கண்ணன் மோட்டார் புல்லியில் கயிறு சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நான் சுவிட்சைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஹும்... என்று ஓர் உறுமல். கொட்டாயே நடுங்கியது. பிறகு உறுமல் மெல்ல மெல்லச் சீராகி ஓட்டமாயிற்று. மாணிக்கண்ணன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். பொன்னம்மாக்கா திருஷ்டி கழித்தார். நான் மட்டும் வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இனி என் தப்பு. வருகிற இரண்டு கம்பியில் ஒன்றுதான் ஆளைக் கொல்லும் கம்பி. மற்றது கரண்டு திரும்பிப் போகும் கம்பி. கொல்லும் கம்பியின் பியூஸ் கட்டையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தேன். "அண்ணே, சுவிட்சுல எதுனா செய்யணும்னா இந்தச் செவப்புப் பொட்டைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்குங்க. அது போதும்," என்றேன். இரண்டையும் கழற்று, மண்ணுக்கும் பார் என்று ஐயா சொன்னதை நான் சொல்லவில்லை. வீட்டு மனுஷருக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று சுருக்கிவிட்டேன். பொட்டையும் பலகையில் வைக்காமல், கழன்று வருகிற கட்டையில் வைத்தேன். சுவரில் வைத்த பொட்டு இடம் மாறாது. கட்டையில் வைத்த பொட்டு கட்டையோடு போகும். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அடுத்த ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போகும் வழியில் மாணிக்கண்ணனைப் பார்த்தேன். "கத்தி சுவிட்சு வாயி லூசாயிருச்சுடா. நெருப்பாக் கக்குது. மத்தியானம் முறுக்கிடறேன்," என்றார். "செவப்பை மறந்துறாதீங்க," என்றேன். "நீ வேற, அது என் பையில இருக்கும்," என்று சிரித்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். பொன்னம்மாக்கா தூக்குச்சட்டியில் சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வருஷம் பூசை ரொம்ப நல்லாருந்துச்சு தம்பி. ஆணி, சுத்தியல் ஒன்னு விடல. உன்னோட பீங்கான் ரெண்டையும்கூடக் கழட்டித் தரச் சொல்லி, கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, ராத்திரி முழுக்க சாமி முன்னால வச்சிருந்தேன்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "திரும்ப யாரு வச்சாங்கக்கா?"

"நாந்தான். உன் கை ராசியான கை, நீயே வையின்னு அண்ணன் சொல்லிச்சு. ரெண்டும் ஒன்னுபோலத்தான இருக்கு? வச்சேன். மோட்டாரு ஜம்முனு ஓடுது."

ஓடும். எந்தக் கட்டை எந்தக் குழியில் இருந்தாலும் மோட்டார் ஓடும். ஆனால் சிவப்புப் பொட்டு இப்போது எந்தக் குழியில் இருக்கிறது? பாதிக்குப் பாதி. மாறியிருந்தால், சிவப்பைக் கழற்றிப் பையில் போட்ட மனுஷர் கொல்லும் கம்பியை அப்படியே விட்டுவிட்டுச் சுவிட்சில் கை வைப்பார். அதுவும் பூஜை முடிந்து கழுவிவிட்ட ஈரத் தரையில், வெறுங்காலோடு.

எச்சில் கையோடு ஓடினேன். அக்கா பின்னால் "என்னா தம்பி? என்னா?" என்று கூப்பிட்டது கேட்டது. ரயில் கேட்டுக்கு வந்தால் கேட்டு மூடியிருக்கிறது. சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, பாதியில் நின்றும்விட்டது. வண்டிகளுக்கு அடியில் நுழைந்து போகிறவர்கள் உண்டு. நான் குனிந்தேன். சக்கரம் ஒன்று டக்கென்று அசைந்தது. பின்வாங்கிவிட்டேன். என்னால் முடியவில்லை. மாணிக்கண்ணே, தொடாதீங்க, தொடாதீங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் எப்போது நகர்ந்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று, எனக்குத் தெரியாது. கேட்டுக்காரர் "என்னப்பா, வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கொட்டாய் வாசலில் போய் நின்றேன். மாணிக்கண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெறுங்கால். இடது கை லேத்தின் இரும்பு மேல். வலது கையில் நீளத் திருப்புளி. மரப்பிடியை விட்டுவிட்டு இரும்புத் தண்டையே விரலால் பிடித்திருந்தார். சுவிட்சின் மேல் திருகாணிக்கு அதன் நுனியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பலகையில் ஒரு குழி காலி. மிச்சமிருந்த கட்டை எந்தக் குழியில் இருக்கிறது என்று பார்த்தேன். கொல்லும் கம்பியின் குழியில்.

கத்தத்தான் வாய் வந்தது. ஐயாவின் சுருட்டு ஞாபகம் வந்தது. கத்தினால் துள்ளுவார். துள்ளினால் நுனி திருகாணியில்தான் விழும். மூச்சை அடக்கினேன். எப்படி அந்தக் குரல் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அண்ணே, தாகமா இருக்கு. ஒரு வாய் தண்ணி குடுங்களேன்."

"இந்த ஒரு திருகுடா, இரு."

"நாக்கு ஒட்டுது அண்ணே. மொதல்ல தண்ணி."

"சனியன், வந்ததும் வராததுமா..." என்று திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். கொட்டாய்ச் சுவரில் தொங்கிய சோதனை விளக்கை எடுத்து ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் வைத்து, மறுமுனையால் அவர் தொடவிருந்த திருகாணியைத் தொட்டேன். விளக்குப் பளிச்சென்று எரிந்தது.

மாணிக்கண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து கட்டையை எடுத்துப் பார்த்தார். சிவப்புப் பொட்டு. அதன் மேல் குங்குமம். அதைப் பார்த்தபடியே கொட்டாய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மாணிக்கண்ணன் எழுந்தார். பயம் கோபமாகிவிட்டது. "மாத்தி வச்சுட்டியேடி! என்னைக் கொல்லப் பாத்தியேடி! ராசியான கையாம் கை! இனிமே இந்தக் கொட்டாய்க்குள்ள காலை வச்ச, வெட்டிப் போட்டுருவேன்!" என்று கத்தினார். அக்கா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு அவற்றை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டார்.

நான் பேசியிருக்க வேண்டும். அக்கா மேல தப்பில்ல அண்ணே, பொட்டைக் கட்டையில வச்சது நான், ஒன்னு போதும்னு சொன்னதும் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. மாணிக்கண்ணன் வாய் சும்மா இராது. கள்ளுக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் அது பட்டறைக்கு வரும்; பட்டறையில் ஐயா காதுக்கு வரும். வேலை போகும், கப்பல் வரும். வீட்டில் எனக்குக் கைக்குழந்தை. அப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலையே பலகையில் குழிக்குப் பக்கத்தில் சிவப்பு அடித்தேன். இரண்டு கட்டையையும் கழற்றச் சொன்னேன், மண்ணுக்குப் பார்க்கவும் காட்டிக் கொடுத்தேன். எல்லாம் செய்தேன். அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

மாணிக்கண்ணன் கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. "வாடி உள்ள," என்று அவரே கூப்பிட்டார். அக்கா போகவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கொட்டாய்க்கு வெளியே நின்று கும்பிடுவார். மகள்தான் உள்ளே போய்ப் பொட்டு வைப்பாள். எனக்குச் சுண்டல் வந்துகொண்டே இருந்தது. நான் தின்றுகொண்டே இருந்தேன்.

வருஷங்கள் போயின. ஜப்பான்காரன் சண்டை வந்தது, போனது. நான் ஓய்வு பெற்றேன். மாணிக்கண்ணன் படுக்கையில் விழுந்து போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, லேத்தை விற்கப் போவதாகவும் கம்பிகளைக் கழற்றித் தர வேண்டும் என்றும் அக்கா ஆள் அனுப்பினார். போனேன். அக்கா வழக்கம்போலக் கொட்டாய் வாசலுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்கக்கா."

"வேணாம் தம்பி. என் கை ஆகாத கை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பொட்டு, கட்டை, ஐயா சொன்ன சட்டம், நான் சுருக்கியது, வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். "தப்பு என்னோடதுக்கா. உங்க கைமேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அன்னைக்கு அவரு கத்தினப்ப நீ பக்கத்துல நின்ன."

"ஆமாக்கா."

"ஏன்டா சொல்லல?"

"பயம்."

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கடைசியா அவரு தண்ணி கேட்டாரு," என்றார். "எங்கிட்டத்தான் கேட்டாரு. என் கையால குடுக்கப் பயந்துக்கிட்டு மவளைக் குடுக்கச் சொன்னேன் தம்பி. அவ வர்றதுக்குள்ள போயிட்டாரு."

பலகையில் நான் அடித்த சிவப்பு வெளிறிப்போய்க் கிடந்தது. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். என் தொண்டை உண்மையாகவே வறண்டு போயிருந்தது.

"அக்கா, எனக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க," என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்ச் சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். கொட்டாய் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். படியைத் தாண்டி உள்ளே வந்து, இரண்டு கையாலும் சொம்பை நீட்டினார். கொஞ்சம் என் சட்டையில் சிந்தியது. மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.